இரண்டை அமுக்கினால் நிற்கும்

திரும்பி வந்த பெட்டிகளைத் திறந்து எறும்பு தட்டுவது மலர்விழியின் வேலை. அந்தக் கம்பெனியில் புரோகிராம் எழுதுகிறவள் அவள். இந்த வேலைக்கு வேறு ஆள் போட்டுக்கொள்ளலாம் என்று முதலாளி சீனுவாசன் பல தடவை சொல்லிப் பார்த்துவிட்டார். அவள் விடவில்லை. பழைய பெயின்ட் பிரஷ்ஷும் ஒரு முறமுமாக ஜன்னலோரம் உட்கார்ந்து நாலு ஸ்க்ரூவைக் கழற்றுவாள். மூடியைத் தூக்கினால் உள்ளே எறும்பு முட்டை இருக்கும், பல்லி முட்டை இருக்கும், குளவி கட்டிய மண்கூடு இருக்கும். ஒரு முறை குட்டித் தேள்கூட இருந்தது. முகம் சுளிக்காமல் எல்லாவற்றையும் தட்டி, ஈரத்துணியால் துடைத்துவிட்டுத்தான் மீட்டரைக் கையில் எடுப்பாள். பெட்டி எந்த இடத்தில் எப்படிக் குடித்தனம் பண்ணியது என்று தெரியாமல் அதற்கு என்ன நோவு என்று சொல்ல முடியாது என்பது அவள் கட்சி.

திண்டிவனத்தில் ஒரு உரக்கடைக்கு மேல்மாடியில் இரண்டு அறை, நாலு பேர். அவ்வளவுதான் கம்பெனி. அவர்கள் செய்வது போன் ஸ்டார்ட்டர். கிணற்று மோட்டாருக்கான சுவிட்சுப் பலகையோடு மாட்டுகிற சின்னப் பெட்டி அது, உள்ளே ஒரு சிம் கார்டு. வீட்டுக் கூடத்தில் படுத்தபடி அந்த நம்பருக்குப் போன் அடித்தால் பெட்டி எடுத்துப் பேசும். ஒன்றை அமுக்கினால் மோட்டார் ஓடும். இரண்டை அமுக்கினால் நிற்கும். பேசுகிற குரல் மலர்விழியுடையது. வெளியில் கொடுத்துப் பதிவு செய்யக் காசு ஆகும் என்று சீனுவாசன் கையைப் பிசைந்ததால், ஒரு மத்தியானம் ஃபேனை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, வேர்த்து விறுவிறுத்துக்கொண்டு அவளே பேசிவிட்டாள். மோட்டார் நிறுத்தப்பட்டுள்ளது, நன்றி. விழுப்புரம் மாவட்டத்தில் எத்தனையோ கரும்புக்காட்டில் முகம் தெரியாத ஆட்கள் தினமும் கேட்கிற குரல் அது.

அவள் வீட்டுக்காரன் சின்னக்கண்ணுவுக்கு அதில் ஒரு தீராத கிண்டல். "வூட்டுல ஆயிரம் தடவ சொன்னாலும் நிறுத்தமாட்ட. கெணத்தாண்ட ஒரு பட்டன அமுக்குனா நின்னுக்கினு நன்றி வேற சொல்ற" என்பான்.

சின்னக்கண்ணு பம்புசெட்டு மெக்கானிக். விழுப்புரத்தில் வீடு. திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கத்துக் கிணறுகளில் வேலை. இரண்டு பேருமே அந்தப் பக்கத்து ஊர்க்காரர்கள்தான், கரும்பு வெட்டப் போன குடும்பங்கள். காணி நிலம் கிடையாது. மலர்விழி அரசு பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்து, ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு செல்போன் தொழிற்சாலையில் நாலு வருஷம் நின்றுகொண்டே வேலை பார்த்தவள். ஒரு நாள் அதை இழுத்து மூடினார்கள். மற்றவர்கள் கொடுத்த பணத்தை எடுத்துக்கொண்டு வந்தார்கள். இவள் சர்க்யூட் பலகையைப் பார்த்ததும் அதன் வழியைப் படிக்கிற கண்ணையும் எடுத்துக்கொண்டு வந்தாள். புரோகிராம் எழுதப் பிறகுதான் கற்றுக்கொண்டாள், குழந்தை வெண்ணிலாவைக் காலில் போட்டு ஆட்டியபடி, ஒரு ஓட்டைக் கம்ப்யூட்டரில். அவள் எழுதியது கம்பியையும் இரும்பையும் அசைக்கிறது என்பதில் அவளுக்கு ஒரு கர்வம் உண்டு, வெளியில் சொல்லிக்கொள்ள மாட்டாள்.

பெட்டி வருவதற்கு முன்னால் சின்னக்கண்ணுவுக்கு ஒரு பழக்கம் இருந்தது. அவனுக்கு மட்டுமல்ல, அந்த வட்டாரத்தில் கிணற்றில் இறங்குகிற எல்லாருக்கும். மெயின் சுவிட்சின் கைப்பிடியை இறக்கி, மூன்று பீஸ் கட்டையையும் உருவி, மடியில் கட்டிக்கொண்டுதான் படியில் கால் வைப்பார்கள். மேலே யார் வந்து எந்த சுவிட்சைத் தட்டினாலும் கரண்ட் வராது, அதை வர வைக்கும் பீங்கான் கட்டை மூன்றும் கிணற்றுக்குள் இவன் இடுப்பில் இருக்கிறது. மேலேறி வரும்போது அவன் இடுப்பில் மூன்று கட்டையின் தடம் சிவந்திருக்கும்.

அதை விடச் சொன்னது மலர்விழிதான். இனிமேல் அதெல்லாம் எதற்கு, கொட்டகைக்கும் கிணற்றுக்கும் பத்துத் தடவை எதற்கு நடக்க வேண்டும், இரண்டை அமுக்கு, போதும் என்றாள். பெட்டியோடு கொடுக்கும் அட்டையிலும் அவள் கையாலேயே அச்சுக்கு எழுதிக் கொடுத்திருந்தாள்: கிணற்றில் இறங்கும் முன் 2ஐ அழுத்தி மோட்டாரை நிறுத்தவும். முதல் தவணையில் போன இருநூற்றுப் பத்துப் பெட்டியில் அறுபதுக்கு மேல் சின்னக்கண்ணு மாட்டியது. எங்கள் வீட்டுப் பெட்டி என்று சொல்லித்தான் மாட்டினான்.

போன செவ்வாய்க்கிழமை கூட்டேரிப்பட்டுப் பக்கத்திலிருந்து ஒரு பெட்டி திரும்பி வந்தது. முதல் தவணைப் பெட்டி, மூன்று கோடை கண்டது. கூட வந்த சீட்டில் 'மோட்டார் தானா ஓடுது' என்று மட்டும் எழுதியிருந்தது. அந்த விவசாயி நிறுத்திவிட்டுப் போனாராம், மறுபடி வயலுக்கு வந்தால் தண்ணீர் போய்க்கொண்டிருந்ததாம். எலி கடித்திருக்கும் என்றார் சீனுவாசன், அல்லது ஈரம். மலர்விழி கம்ப்யூட்டரைத் திறந்து மூன்று வருஷத்துக்கு முந்தைய தன் எழுத்தைப் படித்தாள். முப்பது நாற்பது பக்கம் கீழே போனதும் ஒரு வரியில் கண் நின்றது. 

மோட்டார் கடைசியாக ஓடியதா நின்றதா என்பதைப் பெட்டி தன் ஞாபகத்தில் ஒரு மூலையில் எழுதி வைத்துக்கொள்ளும். கரண்ட் போய்த் திரும்பி வந்தால் அந்த எழுத்தைப் பார்த்துத்தான் ஓட்டுவதா வேண்டாமா என்று முடிவு பண்ணும். விவசாயிகள் கேட்டு வாங்கிய வசதி அது. கரண்ட் வரும் நேரமெல்லாம் யார் எழுந்து போன் அடிப்பது? நின்றிருந்தால் பூஜ்யம் என்று எழுதச் சொல்லியிருந்தாள். படிக்கும்போது பூஜ்யமாக இருந்தால் சும்மா இரு, வேறு எதுவாக இருந்தாலும் ஓட்டு என்று சொல்லியிருந்தாள்.

வேறு எதுவாக இருந்தாலும் என்பதற்குள் எவ்வளவு அடங்கும் என்று அன்றைக்கு அவள் யோசிக்கவில்லை. பழைய எழுத்தை அழித்துவிட்டுத்தான் புதியதை எழுத முடியும். அழிப்பதற்கும் எழுதுவதற்கும் நடுவே, கண் இமைக்கிற நேரத்தில் ஒரு துளி, அங்கே எதுவும் இருக்காது. அந்தத் துளி நேரம் பார்த்துப் பெட்டிக்கு மயக்கம் வந்து விழுந்து எழுந்தால், அது பார்ப்பது அழித்த இடத்தை. அழித்த இடம் பூஜ்யம் இல்லை. பூஜ்யம் இல்லையென்றால் ஓட்டு.

ஆகக்கூடிய காரியமா என்று அவளுக்கே சந்தேகம். சீனுவாசனிடம் சொன்னதற்கு, செய்து காட்டு, ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு ஊரைக் கலக்காதே என்றார். அதிலும் நியாயம் இருந்தது. புதன், வியாழன், வெள்ளி, சனி, நாலு நாளும் மேசையில் பெட்டியைப் போட்டு விதவிதமாகத் தட்டிப் பார்த்தாள். சாதுவாக இருந்தது. ராத்திரி வீட்டுக்குப் போய்ச் சின்னக்கண்ணுவிடம் சொல்ல வாயெடுப்பாள். சொன்னால் அவன் அறுபது வீட்டுக்கும் ஓடிப் போய்ச் சொல்லுவான். பிறகு எலிதான் என்று ஆகிவிட்டால் இரண்டு பேர் முகத்திலும் எவன் முழிப்பான்? நிச்சயமாகத் தெரியட்டும் என்று சோற்றைப் போட்டாள்.

திங்கட்கிழமை காலையில் அதே பெட்டியை மறுபடி திறந்து, மூலையில் மிச்சமிருந்த எறும்பைத் தட்டிக்கொண்டிருந்தபோதுதான், கெப்பாசிட்டர் ஒன்றின் தலை லேசாக உப்பியிருந்ததைப் பார்த்தாள். வேண்டிய கரண்டைக் கொஞ்சம் பிடித்து வைத்திருந்து அவசரத்துக்குக் கொடுக்கிற சாமான் அது. நாலு நாளாகச் செய்த முட்டாள்தனம் அப்போதுதான் உறைத்தது. மேசையில் இருந்தது ஏழாயிரம் ரூபாய் பவர் சப்ளை, சுத்தமான கரண்ட். வயலில் இருப்பது நோஞ்சான் கரண்ட், தகரத்துக்குக் கீழே வெந்த கெப்பாசிட்டர். அவள் பெட்டியை அது வாழாத வீட்டில் வைத்துச் சோதித்திருக்கிறாள். மூன்று வருஷத்துக்கு முன்னாலும் அப்படியேதான் சோதித்தாள்.

நல்ல சப்ளையைக் கழற்றிவிட்டுப் பெட்டியின் சொந்த டிரான்ஸ்ஃபார்மரையே, கரண்டைக் குறைத்து, நீளமான மெல்லிசு வயரில் கொடுத்தாள். தன் போனிலிருந்து பெட்டிக்கு அடித்தாள். இரண்டை அமுக்கினாள். மோட்டார் நிறுத்தப்பட்டுள்ளது, நன்றி. மறுபடி அடித்தாள். மறுபடி. பதினோராவது தடவை, நன்றி என்று சொல்லி வாய் மூடுவதற்குள் பெட்டியின் பச்சை விளக்கு ஒரு தரம் செத்துப் பிழைத்தது. போன் வரும்போது சிம் பகுதி கரண்டை ஒரே வாயாக இழுக்கும். உப்பிய கெப்பாசிட்டரால் அதற்கு ஈடு கொடுக்க முடியவில்லை. பெட்டி மயங்கி எழுந்துவிட்டது. மலர்விழி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றாள். கரண்ட் திரும்பியதும் உடனே ஓட்டாமல் நாற்பது விநாடி பொறுத்து ஓட்டச் சொல்லி எழுதியிருந்தாள். முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது. டக் என்று பெட்டிக்குள் ரிலே விழுந்தது. மேசையில் மோட்டாருக்குப் பதிலாக மாட்டியிருந்த குண்டு பல்பு எரிந்தது.

நாற்பது விநாடி. இரண்டை அமுக்கி, குரலைக் கேட்டு, போனை வைத்துவிட்டுக் கிணற்றில் நாலு படி இறங்குவதற்கு ஆகிற நேரம்.

குரல் பொய் சொல்லவில்லை. நிறுத்தச் சொல்லியாகிவிட்டது என்பதைத்தான் அது நிறுத்தப்பட்டுள்ளது என்று சொன்னது. கம்பியில் கரண்ட் இருக்கிறதா இல்லையா என்று அது ஒரு நாளும் பார்த்ததில்லை. பார்க்கச் சொல்லி அவள் எழுதவில்லை.

பற்றவைக்கிற மேசையிலிருந்து லூர்துமேரி, என்னக்கா, முகமெல்லாம் வெளுத்துடுச்சு என்று கேட்டாள். அப்போதுதான் மலர்விழிக்குக் காலையில் சின்னக்கண்ணு கூழைக் குடித்துக்கொண்டே சொன்னது காதில் விழுந்தது. விவசாயி விருத்தாசலத்தின் கிணற்றில் தண்ணீருக்கு மேல் கேபிள் ஜாயின்ட் கருகிவிட்டதாம். பத்து மணிக்கு இறங்கினால் வெயிலுக்கு முன்னால் ஏறிவிடலாம் என்றான். விருத்தாசலத்தின் பெட்டி முதல் தவணை. ஜாயின்ட் போடுவது என்றால் கேபிளை வெட்டி, மூன்று கம்பியின் தோலையும் உரித்து, வெறும் கையில் முறுக்க வேண்டும். நனைந்த கல்லில் நின்றுகொண்டு. மணி பத்து நாற்பது. இந்த வாரம் அந்தப் பக்கம் மும்முனைக் கரண்ட் ஒன்பதிலிருந்து மூன்று.

சின்னக்கண்ணுவுக்குப் போன் அடித்தாள். அடித்துக்கொண்டே இருந்தது. வேலையின்போது அவன் போன் வண்டியின் பக்கப் பையில் கிடக்கும். கரண்டையே நிறுத்தச் சொல்லலாம் என்றால் லைன்மேன் நம்பர் அவன் போனில்தான் இருக்கிறது. கம்பெனி ரிஜிஸ்டரைப் புரட்டி விருத்தாசலம் பேருக்கு எதிரே இருந்த நம்பருக்கு அடித்தாள். எடுத்தது அவர் மகன் ராஜ்குமார், சென்னையில் வேலை. அப்பாவின் போன் வீட்டில் சார்ஜில் கிடக்கும், வயலுக்கு எடுத்துப் போக மாட்டார் என்றான். என்ன விஷயம் என்று கேட்டான். அவள் ஒரே மூச்சில் சொல்லப் பார்த்தாள், மூச்சு போதவில்லை.

"மோட்டார் ஆன் ஆயிடும்னு பயமா இருக்குதா? அவ்ளோதானே. இருங்க, நான் இங்கருந்தே பாக்ஸுக்கு அடிச்சு ரெண்ட அமுக்கிடறேன்" என்றான் ராஜ்குமார்.

"வேணாம்ங்க. அத மட்டும் பண்ணாதீங்க. அதுக்குப் போன் அடிச்சாதாங்க ஆன் ஆவுது."

"ஆஃப் பண்ணா எப்படிங்க ஆன் ஆவும்?"

"கும்பிட்டுக் கேட்டுக்கறேன். பாக்ஸுக்கு யாரும் போன் போடக் கூடாது. நீங்களும் போடாதீங்க."

சரிங்க, பக்கத்து வீட்டுக்கு அடித்து அப்பாவைக் கூப்பிடச் சொல்கிறேன் என்றான். குரலில் நம்பிக்கை இல்லை. எதற்கும் ஒரு தரம் இரண்டை அமுக்கி வைப்போம் என்று நினைக்கிறவன் குரல் அது. அந்த வட்டாரத்து ஆட்களுக்குப் பெட்டி வந்த பிறகு புதிதாக ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டிருந்தது. நின்றிருக்கிற மோட்டாரையே மனத்திருப்திக்கு இன்னொரு தரம் நிறுத்துவார்கள். நின்றிருந்தாலும் பெட்டி ஒவ்வொரு தடவையும் அழித்துத்தான் எழுதும்.

சீனுவாசன் சாமான் வாங்கச் சென்னை போயிருந்தார். லூர்துமேரியிடம் ரிஜிஸ்டரைக் கொடுத்து, முதல் தவணை ஆட்கள் ஒவ்வொருவருக்கும் அடித்து, கிணற்றில் இறங்குமுன் பீஸ் கட்டையை உருவச் சொல்லு, முதலாளிக்குக் காத்திருக்காதே என்றாள். படியிறங்கப் போனவள் திரும்பி வந்தாள். ரிஜிஸ்டரில் ஒவ்வொரு பேருக்கும் இரண்டு நம்பர், ஆளுடையது ஒன்று, பெட்டியுடையது ஒன்று. பெட்டி நம்பர் இருந்த கட்டத்தை மேலிருந்து கீழ்வரை, பக்கம் பக்கமாக, கறுப்பு மார்க்கரால் அடித்துவிட்டுப் போனாள்.

விழுப்புரம் பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக் கிடைத்தது. எப்போதும் கிடைக்காது. கூட்டேரிப்பட்டில் ஒரு அம்மாள் மல்லாட்டைப் பையோடு ஏறி, வறுத்த வேர்க்கடலை வாசத்தோடு பக்கத்தில் உட்கார்ந்தாள். மலர்விழி நிமிஷத்துக்கு ஒரு தரம் சின்னக்கண்ணுவுக்கு அடித்தாள். நடுவில் ஒரு தரம் கட்டை விரல் தானாகக் கீழே நகர்ந்து 'விருத்தாசலம் கிணறு' என்று அவள் சேமித்து வைத்திருந்த பேரின் மேல் போய் நின்றது. மோட்டார் இப்போது ஓடுகிறதா நிற்கிறதா என்று அந்தப் பெட்டியைக் கேட்டால் சொல்லும். அவள் குரலிலேயே சொல்லும். கேட்பதற்கு ஒரு போன் போதும். விரலைப் பிடுங்கிக்கொண்டு, அந்தப் பேரையே போனிலிருந்து அழித்தாள். அழித்த பிறகும் நம்பர் மனப்பாடமாக இருந்தது. போனைக் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள். அடுத்த நிமிஷம் சின்னக்கண்ணுவுக்கு அடிக்க மறுபடி திறந்தாள்.

எழுத வேண்டிய வரி எது என்று இப்போது அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. நிச்சயமாக ஓட்டம் என்று எழுதியிருந்தால் மட்டும் ஓட்டு, மற்ற எதுவாக இருந்தாலும் நில். இரண்டு இடத்தில் எழுது, இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் நில். அழிக்கத் தேவையில்லாதபோது அழிக்காதே. அஞ்சு நிமிஷ வேலை. டிக்கெட்டின் முதுகில் எழுதப் பேனாவை எடுத்தாள். நில் என்பதற்கு மேல் கை ஓடவில்லை. மயங்கி எழுந்த பெட்டி தெரியாத இடத்தில் கண் விழித்த ஆள் மாதிரி முதலில் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருக்க வேண்டும் என்று இத்தனை வருஷத்தில் அவளுக்கு ஏன் தோன்றவில்லை? விவசாயி ஓட வேண்டும் என்று கேட்டார், அவள் ஓடுவதை மட்டுமே நினைத்து எழுதினாள். கிணற்றுக்குள் ஒரு ஆள் இருப்பான் என்று நினைத்து எழுதவில்லை. அந்த ஆளோடு ஒரே பாயில் படுத்துக்கொண்டு அதை நினைக்கவில்லை.

விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் லாரிகள் நின்றன. பஸ் நின்றது. பக்கத்து அம்மாள் ஒரு கை மல்லாட்டையை நீட்டி, சாப்பிடு கண்ணு, ஏன் இப்படி வேர்த்துக்கினு இருக்க, உடம்பு சரியில்லையா என்று விசாரித்தாள். மலர்விழி வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். உரிக்கவில்லை.

அங்கேதான் சீனுவாசனின் போன் வந்தது. லூர்துமேரி சொல்லிவிட்டிருந்தாள். யாரைக் கேட்டு ஊருக்கெல்லாம் போன் போடுகிறீர்கள், நாளைக்கு எவன் நம் பெட்டியை வாங்குவான் என்று அவர் கத்தினார். அவள் மேசையில் பார்த்ததைச் சொன்னாள். பதினோராவது தடவை, நாற்பது விநாடி. 

"என் மாமனார் கெணத்துல இருக்கறது எந்த லாட்டு?" என்று கேட்டார் பிறகு.

"மொதலாவதுதாங்க சார்."

போன் கட்டாகிவிட்டது.

விழுப்புரத்தில் பஸ் நிலையத்துக்குள் போகாமல் வெளியிலேயே இறங்கி ஆட்டோ பிடித்தாள். எவ்வளவு கேட்டான், எவ்வளவு கொடுக்கிறேன் என்றாள், எதுவும் நினைவில்லை. ஜல்தியா போப்பா என்று மட்டும் சொன்னது நினைவிருக்கிறது. திருவெண்ணெய்நல்லூர் தாண்டி மண் பாதை வந்ததும் ஆட்டோ இதற்கு மேல் போகாது என்று நின்றது. இறங்கிக் கரும்புக்கு நடுவே நடந்தாள். பிறகு ஓடினாள். ஓடும்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. மோட்டார் ஓடுகிற சத்தம், தண்ணீர் தொட்டியில் கொட்டுகிற சத்தம். கரும்புத் தோகை முகத்தைக் கீறியது. எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று தெரியவில்லை. வரப்பில் நின்று காதைத் தீட்டிக் கேட்டாள். பிறகு அது இடது பக்கம், வேறொரு கிணற்றில் என்று காது கண்டுபிடித்துச் சொன்னது. மறுபடி ஓடினாள்.

கொட்டகை திறந்திருந்தது. வாசலில் சின்னக்கண்ணுவின் வண்டி. அவள் முதலில் கிணற்றடிக்குப் போகவில்லை, அவன் பேரைச் சொல்லிக் கூப்பிடவுமில்லை. உள்ளே போய் மெயின் சுவிட்சின் கைப்பிடியை இரண்டு கையாலும் இறக்கி, மூடியைத் திறந்து, மூன்று பீஸ் கட்டையையும் உருவி முந்தானையில் முடிந்துகொண்டாள். அப்புறம்தான் வெளியே வந்தாள்.

கிணற்றடியில் விருத்தாசலம் கயிற்றைப் பிடித்தபடி உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்து, யாரும்மா அது என்றார். பிறகு அடையாளம் கண்டு உள்ளே குனிந்து, "சின்னக்கண்ணு, உன் வூட்டுக்காரி வந்துக்குதுபா" என்று சொன்னார்.

அவள் எட்டிப் பார்த்தாள். இருபதடிக்குக் கீழே, பாசி பிடித்த கல் படியில் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு சின்னக்கண்ணு அண்ணாந்து பார்த்தான். வாயில் ஒரு துண்டு டேப். வலது கையில் மூன்று கம்பி, தோலுரித்து, செம்பு பளபளக்க.

டேப்பை எடுத்துவிட்டு, "இன்னா? வெண்ணிலாவுக்கு இன்னா?" என்றான். அவனுக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

வெண்ணிலாவுக்கு ஒன்றுமில்லை, மேலே வாங்க என்றாள். ஊரார் எதிரில் அவள் அவனுக்கு எப்போதும் ங்க போடுவாள். இன்னும் பத்து நிமிஷ வேலைதான் என்றான். அவள் மறுபடி மேலே வாங்க என்றாள். அந்தக் குரலுக்கு அவன் ஏறி வந்தான்.

கொட்டகைக்குள் அவன் சிமெண்டுத் திட்டில் உட்கார்ந்தான், காலிலிருந்து தண்ணீர் ஓடித் தரையில் கோடு போட்டது. மலர்விழி பெட்டியின் சின்னத் திரையைப் பார்த்தாள். கட்டை இல்லாததால், கடிகாரத்துக்கும் திரைக்கும் மட்டுமான சின்ன பேட்டரியில் மங்கலாக எரிந்துகொண்டிருந்தது. கடைசி அழைப்பு 11.42. அழைத்த நம்பரின் கடைசி நாலு எண் அவளுக்குத் தெரிந்த எண்தான், காலையில் ரிஜிஸ்டரைப் பார்த்து அவளே அடித்த எண். ராஜ்குமார் எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு தரம் இரண்டை அமுக்கியிருக்கிறான். பெட்டிக்கு அந்தத் தடவை மயக்கம் வரவில்லை. வேறு காரணம் ஒன்றுமில்லை.

பதினொன்று நாற்பத்திரண்டுக்கு நீ என்ன பண்ணிக்கொண்டிருந்தாய் என்று கேட்டாள். அவன் யோசித்து, அப்போதுதான் கம்பியை உரித்தேன், பல்லால்தான் உரித்தேன், கத்தி மழுங்கிவிட்டது என்றான்.

அவள் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். பூஜ்யம், அழித்த இடம், உப்பிய கெப்பாசிட்டர், நாற்பது விநாடி. தொழில்காரன் என்பதால் அவனுக்குப் பாதி சொல்லும்போதே புரிந்துவிட்டது. அவன் பெட்டியின் பக்கம் திரும்பவே இல்லை. அவள் முந்தானை முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இது உனக்கு எப்ப தெரியும்?" என்று கேட்டான்.

"இன்னிக்குக் காத்தாலதான் நிச்சயமா தெரிஞ்சுது."

"சந்தேகம் எப்ப வந்துச்சு?"

"செவ்வாக்கெழம."

வெளியே விருத்தாசலம் யாரையோ அதட்டும் சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டு ஆள் இப்போதுதான் வந்து சேர்ந்து, மகன் போன் பண்ணினான் என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

"காத்தால கூழு ஊத்திக் குடுத்தியே, விருத்தாசலம் கெணறுன்னு சொன்னனே. அப்ப இருந்துச்சா அந்த சந்தேகம்?"

"இருந்துச்சு."

"நேத்து ஞாயித்துக்கெழம லீவுனு வூட்டுல தானே இருந்த. நான் வேலைக்குப் போய்க்கினு இருந்தேன். அப்பவும்?"

"எலி கடிச்சதா இருந்தா என்ன பண்றது? உன் பேருல்ல கெடும். செஞ்சு பாத்துட்டு சொல்லலாம்னு..."  சொல்லும்போதே அது எப்படிக் கேட்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது.

சின்னக்கண்ணு எழுந்தான். ஆணியில் தொங்கிய துண்டை எடுத்துத் தலையைத் துவட்டினான், கழுத்தைத் துவட்டினான், ஒவ்வொரு விரலாகக் கையைத் துவட்டினான். பிறகு அவள் முன்னால் வந்து கையை நீட்டினான். அவளுக்கு ஒரு கணம் விளங்கவில்லை. விளங்கியதும் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். முடிச்சு இறுகிக்கொண்டது. அவன் உதவிக்கு வரவில்லை, பார்த்துக்கொண்டு நின்றான். மூன்று கட்டையும் அவன் உள்ளங்கைக்குப் போயின. அவன் அவற்றை லுங்கி மடியில் வைத்துச் சுருட்டி, இரண்டு தரம் இழுத்துப் பார்த்துச் செருகிக்கொண்டான்.

செவ்வாயிலிருந்து திங்கள் வரை அவள் மனசுக்குள் எண்ணிப் பார்த்தாள். புதன்கிழமை ஏதோ ஒரு கிணறு என்றான். வியாழக்கிழமை நேரம் கழித்து வந்தான், எங்கே என்று அவள் கேட்கவில்லை. சனிக்கிழமை இரண்டு இடம். ஞாயிறு தெரியாது.

"இந்த ஆறு நாள்ல எத்தினி கெணத்துல எறங்குன?" என்று கேட்டாள்.

அவன் வாசற்படியில் குனிந்து டேப்புச் சுருளைப் பொறுக்கி எடுத்தான். அதில் ஒட்டியிருந்த மண்ணை ஊதிவிட்டு வெளியே போனான்.